குமிழி நின்ற ஜாடி

"என் பாட்டில் ஏன் வெடிச்சது?"

வணக்கம் இல்லை, சௌக்கியமா என்ற விசாரிப்பு இல்லை. அருளப்பன் வாசலில் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அவர் கையில் ஒரு சாக்கு. சாக்குக்குள் உடைந்த கண்ணாடி.

வாழ்நாளெல்லாம் மலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வளைவுக்கு வளைவு எதிரே வந்தவனையெல்லாம் திட்டித் திட்டித் தொண்டையை நன்றாகப் பழக்கி வைத்திருந்தார். அன்று அந்தத் தொண்டை அந்தச் சரிவு முழுக்கக் கேட்டது.

பிரகாசி தலையை நிமிர்த்தவில்லை. கீழே சமவெளியிலிருந்து வந்த கருப்புத் திராட்சையை மடியில் கொட்டி, காம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சாக்கைக் கீழ வைங்கண்ணே. கையை வெட்டிக்கப் போறீங்க."

"வெட்டட்டுமே! என் வீட்டுக்காரி கையைத்தான் ஏற்கெனவே வெட்டியாச்சே!"

காம்பு ஆய்ந்த கை நின்றது.

"தெரசம்மாக்காவுக்கா?"

"முழங்கைக்குக் கீழ. தையல் போட்டிருக்கு. கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"எதிர்சாரியில அவ தங்கச்சி வீட்டுல. கட்டுப் போட்ட கையோட நேரா அங்க போயிட்டா. இனிமே நம்ம வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாளாம். அதைக்கூட தங்கச்சிதான் வந்து சொல்றா. இவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. உடனே இன்னும் உரக்கக் கத்தினார்.

"எல்லாம் உன்னாலதான்! உன்கிட்டக் கத்துக்கிட்டுப் போய்த்தான் இத்தனையும்!"

வழக்கமாக அவளை 'நீங்க' என்று சொல்லுகிறவர். வயதில் சின்னவள் என்றாலும் கற்றுக்கொடுத்தவள் என்ற மரியாதை. கோபத்தில் அதுவும் போய்விட்டது.

பிரகாசியை அந்த மலையில் யாரும் குரு என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பாள். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டில் வைன் போடுகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். திட்டைப் பொறுத்துக்கொண்டவர்கள் கற்றுக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். சாதா வைன் யாரும் போடுவார்கள். திறந்தால் நுரை பொங்கும் வைனுக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த திராட்சை தரையெல்லாம் உருண்டது.

"என்னாலயா? சரி. சொல்லுங்க. ஜாடியில குமிழி நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஒண்ணுகூட இல்லை. பார்த்துட்டுத்தான் பாட்டில்ல ஊத்தினேன்."

"நான் குடுத்த ஹைட்ரோமீட்டர் எங்க?"

சாற்றில் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடி மிதவை அது. அதை ஒரு கல்யாணச் சீர் மாதிரி பஞ்சில் பொதிந்து கொடுத்திருந்தாள்.

"பெட்டியில இருக்கு."

"பெட்டியில எதுக்கு இருக்கு?"

"குமிழிதான் நின்னுடுச்சே! கண்ணால பார்த்ததுக்கு மேல மீட்டர் எதுக்கு?"

பிரகாசி பல்லைக் கடித்தாள்.

"எந்த பாட்டில்?"

"பிராந்தி பாட்டில். சுடுதண்ணியில சுத்தமாக் கழுவினது."

"பிராந்தி நுரைக்குமாண்ணே?"

"நுரைக்காது."

"நுரைக்காத சரக்குக்குச் செஞ்ச கண்ணாடி அது. மெலிசு. பீர் பாட்டிலை எடுங்க, கையில கனம் தெரியும், அதுலதான் ஊத்தணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம்?"

"பிராந்தி பாட்டில் பார்க்க லட்சணமா இருந்தது. கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி வைக்கணும்ல."

"நுரைக்கு எவ்வளவு சர்க்கரை போட்டீங்க?"

"பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை."

"யாரு சிட்டிகை?"

"என் சிட்டிகைதான்."

பிரகாசி அவர் விரல்களைப் பார்த்தாள். பேருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்து வீங்கிய விரல்கள். அவர் சிட்டிகையில் ஒரு குடும்பத்துக்குக் காபி போடலாம்.

"பாட்டிலை எங்க வெச்சீங்க?"

"அடுப்பங்கரை அலமாரியில. விறகடுப்பை ஒட்டினாப்ல. ஏன், நீதானே சொன்ன, குளிர்ல நுரை வராதுன்னு? இப்ப என்னமோ போலீஸ் மாதிரி விசாரிக்கிற! எல்லாம் நீ சொன்னதுதான்!"

இதற்கு ஒரு பெரிய திட்டு வரும் என்று அருளப்பன் எதிர்பார்த்தார். பதிலுக்குத் திட்டத் தயாராகவும் இருந்தார்.

திட்டு வரவில்லை.

பிரகாசி வீட்டின் பின்மூலைக்குப் போனாள். வெயிலே படாத மூலை. அங்கிருந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கருஞ்சிவப்புச் சாறு. மூடியில் செருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே காற்று உண்டானால் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் குமிழியிட்டு வெளியே போகும்.

குழாய்த் தண்ணீர் ஆடவில்லை, அசையவில்லை.

"இது முடிஞ்சிருச்சா?"

அருளப்பன் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். காதை வைத்தும் கேட்டார்.

"முடிஞ்சிருச்சு."

"நிச்சயமா?"

"சத்தியமா. செத்த கிணறு மாதிரி கிடக்கு."

அவள் ஒரு அகலமான அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். ஜாடியைத் தூக்கி அதற்குள் வைத்தாள். மறுபடி போய்த் தரையில் சிதறிய திராட்சையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"என் கேள்விக்கு இது பதிலா?"

அவள் பேசவில்லை.

"ஏம்மா, நான் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தேன்? என் பொண்டாட்டி எதிர்வீட்டுல உக்காந்திருக்கா. தெருவே சிரிக்குது. அக்கா மக கல்யாணத்துல நுரை வைன் வைக்கிறேன்னு சொந்தம் பூராவும் சொல்லி வெச்சிருக்கேன். நீ என்னடான்னா..."

அவர் கத்திக்கொண்டே இருந்தார். பேருந்தில் படியில் தொங்குகிறவனிலிருந்து ஆரம்பித்து உலகத்தில் பொறுப்பில்லாதவர்கள் அத்தனை பேரையும் திட்டினார். தண்ணீரின் சூடு மெல்ல ஜாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

'ப்ளப்.'

அருளப்பன் நிறுத்தினார்.

இன்னொன்று. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு, கூடவே மூன்று. பிறகு குழாய்த் தண்ணீர் ஓயாமல் துள்ள ஆரம்பித்தது.

அவர் அண்டாவின் அருகே குந்தி உட்கார்ந்தார்.

"இது எப்ப நின்னது?"

"பனி இறங்கின அன்னிக்கு."

"அப்ப இது முடியலையா?"

"புளிக்க வைக்கிற ஈஸ்ட்டு குளிர்ல சுருண்டு படுத்திருக்கு. சர்க்கரை எல்லாம் உள்ளதான் இருக்கு. மீட்டரை வெச்சா அது சொல்லும். இன்னிக்குப் பார்க்கணும், ரெண்டு நாள் விட்டு மறுபடி பார்க்கணும், அப்பவும் அளவு மாறாம அடியில நின்னாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

அருளப்பன் சாக்கைப் பார்த்தார். மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சர்க்கரை இருந்ததுக்கு மேல சர்க்கரை போட்டிருக்கேன். மூடியை இறுக்கியிருக்கேன். கொண்டுபோய் அடுப்பு பக்கத்துல வெச்சிருக்கேன்."

"எத்தனை வெடிச்சது?"

"ஒண்ணு."

"மிச்சம்?"

"அலமாரியிலதான் இருக்கு. தொட பயமா இருந்தது."

"அடுப்பு?"

"எரியுது. காலையில காபி போட்டுட்டு அப்படியே விட்டுட்டு வந்தேன்."

இப்போது பிரகாசி கத்தினாள். அவள் கத்தியதை இங்கே எழுத முடியாது. அதில் அருளப்பனின் மூளை, அவருக்கு ஓட்டுநர் உரிமம் கொடுத்த அதிகாரி, இவரை நம்பிப் பேருந்தில் ஏறிய ஜனங்கள் எல்லோரும் வந்தார்கள். கத்திக்கொண்டே செருப்பை மாட்டினாள். கத்திக்கொண்டே இறங்கி நடந்தாள்.

அருளப்பன் பின்னாலேயே ஓடினார்.

இறக்கத்தில் மூச்சு வாங்கியதால் அவள் கத்துவது கொஞ்சம் குறைந்தது.

"கல்யாணம் என்னைக்கு?" என்றாள்.

தேதியைச் சொன்னார்.

"அன்னிக்குத்தானே தெரசம்மாக்காவோட அம்மாவுக்கு முதல் வருஷப் பூசை?"

அருளப்பன் ஒரு அடி பின்தங்கினார்.

"அதேதான் அவளும் சொன்னா. நிச்சயதார்த்தத்துல தேதி குறிக்கும்போது, சபையில."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கோபத்துல... செத்தவளுக்காக உசுரோட இருக்கிறவங்க காத்துக் கிடக்கணுமா, வாயை மூடிட்டு உள்ள போன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்தான். அவ அப்ப உள்ள போயிட்டா. வீட்டுக்கு வந்து பிடிச்சா பாருங்க! கத்தினா, அழுதா, பாத்திரத்தைப் போட்டு உடைச்சா. சில நாள் அப்படித்தான் ஓடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?"

"சுத்தமா. சமைச்சா, துவைச்சா, ஜெபம் சொன்னா. மூச்சு விடலை. சரி, ஒரு வழியா ஆறிட்டா, எல்லாம் முடிஞ்சதுன்னு நிம்மதியா இருந்தேன். அந்தச் சந்தோஷத்துலதான் வைனே போட்டேன்."

பிரகாசி நடுப்பாதையில் நின்றாள். திரும்பி அவரை முழுதாகப் பார்த்தாள்.

அட்டை ஏதாவது ஏறிவிட்டதோ என்று அருளப்பன் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. நடங்க."

பிரகாசிக்குத் திட்ட வார்த்தை கிடைக்காமல் போனதை அந்த மலையில் வேறு யாரும் பார்த்ததில்லை. அருளப்பன் பார்த்தார், பார்த்தும் அவருக்குப் புரியவில்லை.

வீட்டு வாசலில் அவள் அவரைத் தடுத்தாள்.

"ஹெல்மெட் இருக்கா?"

பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார். முகத்தை மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட். கூடவே பழைய காக்கிக் கோட்டு, கைக்குத் தடித்த தோல் உறை.

"உள்ள போறது நான்தான்," என்றாள் பிரகாசி.

"இல்லை. நான் வெச்சது." அந்த ஒரு வார்த்தையில் அவர் கத்தவில்லை.

"அப்ப கேட்டுக்கங்க. அலமாரிக் கதவைத் திறக்கக் கூடாது. பாட்டிலைத் தொடவே கூடாது. அடுப்பை அணைச்சுட்டு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்துட்டு வெளிய வந்துடணும்."

"அப்புறம்?"

"நாளைக்குக் காலையில பார்க்கலாம்."

"நாளைக்கா? எனக்கு இன்னிக்கே முடியணும்! இப்பவே எடுத்து ஓடையில வீசிட்டு, அவளைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்!"

"சூட்டோட எடுத்தா கையிலயே வெடிக்கும். அது குளிரணும். குளிர்ந்தாத்தான் உள்ள இருக்கிற காத்து கொஞ்சம் அடங்கும்."

எதிர்சாரி ஜன்னலில் தெரசம்மா நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கை வெள்ளையாகத் தெரிந்தது. அருளப்பன் அந்தப் பக்கம் கையை ஆட்டினார். ஜன்னல் திரை விழுந்தது.

அன்றிரவு அவர் பேருந்து நிலையத்தில் பழைய நண்பர்களோடு படுத்துக்கொண்டார். படுத்தாரே தவிரத் தூங்கவில்லை. பிரகாசி மேல் கோபம் வந்தது, பிராந்திக் கம்பெனி மேல் வந்தது, பனி மேல் வந்தது. கடைசியில் தெரசம்மா மேலும் வந்தது. பேசித் தொலைத்தால் என்ன?

காலையில் அடுப்பங்கரை தெருவைப் போலவே குளிர்ந்து கிடந்தது. பிரகாசி ஒரு கம்பளியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வைத்திருந்தாள்.

"பாட்டில் மேல கம்பளியைப் போடுங்க. கம்பளிக்கு மேலயே மூடியைப் பிடிச்சுக் கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமாத் திருகுங்க. சத்தம் வந்ததும் நிறுத்துங்க."

முதல் பாட்டில். திருகினார். 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது.

"வந்துடுச்சு! திறந்துடவா?"

"மூடுங்க!"

"போகுதே!"

"ஒரேயடியாத் திறந்தா பாதி வீட்டு மேல, பாதி உங்க மேல. மூடுங்க. பொறுங்க. மறுபடி கொஞ்சம் திருகுங்க. அது போதும்னு சொல்ற வரைக்கும் நீங்கதான் காத்திருக்கணும்."

திருகினார், மூடினார், திருகினார். சீறல் நீளமாக வந்தது, பிறகு குறைந்தது, பிறகு சுத்தமாக ஓய்ந்தது. பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். சிவப்பு நுரை தெருவோரமாக ஓடியது.

அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். வாசற்படியில் நின்று பிரகாசி ஒவ்வொன்றுக்கும் திட்டினாள்.

நடுவில் ஒரு பாட்டில், கம்பளியைப் போட்ட நொடியில், கை மூடிக்குப் போகுமுன்பே 'டம்' என்றது.

கம்பளி ஒருமுறை எழும்பி விழுந்தது. ஈரத்தில் சிவப்பு பரவியது. கண்ணாடி எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது.

அருளப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இவர் கோட்டும் ஹெல்மெட்டும் போட்டிருந்தார். தெரசம்மாவோ, முதல் பாட்டில் வெடித்த அன்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இவருக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ," என்றார். அதுவரை ஊரெல்லாம் சுற்றிய கோபம் அவர் மேலேயே வந்து விழுந்தது.

பிரகாசி அந்த ஒரு முறை திட்டவில்லை. கம்பளியைத் தூக்கி, கண்ணாடியை உதறி, மறுபடி நனைத்துக் கொடுத்தாள்.

"எந்திரிங்கண்ணே. இன்னும் இருக்கு."

அலமாரி காலியானபோது வெயில் ஏறியிருந்தது. அருளப்பன் தரையைக் கூட்டிக் கழுவினார், பிறகு மண்டியிட்டுத் தடவிப் பார்த்து, ஒரு சில்லுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு எதிர்சாரிக்குப் போனார்.

தெரசம்மா வாசலுக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன்," என்றார். "ஒண்ணுகூட இல்லை. அடுப்பங்கரையைக் கழுவி விட்டுட்டேன். இனிமே பயம் இல்லை. வா."

அவள் பேசவில்லை.

"கை வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"என் மேல கோபமா?"

அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். முகம் அமைதியாக இருந்தது. துணி மடித்து வைக்கும்போது இருக்கும் அதே முகம்.

"சரி," என்றார் அருளப்பன். "அப்ப மெதுவா வா. நான் போய் உலையை வைக்கிறேன்."

நிம்மதியாகத் திரும்பினார். தெருவில் பாதி தூரம் போனார்.

எதிரே பிரகாசி கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அருளப்பன் நின்றார். செத்த கிணறு மாதிரி கிடந்த அந்த ஜாடி நினைவுக்கு வந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனான். அவர் பதிலுக்குத் திட்டவில்லை.

திரும்பி நடந்தார். தெரசம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"தெரசா," என்றார். "அன்னிக்கு சபையில நான் உங்க அம்மாவைச் சொன்னேன்ல."

அவள் கண் அசைந்தது.

"அது எனக்கு... கல்யாணத் தேதியை மாத்தச் சொல்லி அக்காகிட்டப் பேசறேன்."

"தேதியா இப்ப விஷயம்?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் கேட்ட குரல். அது சின்னதாகத்தான் வந்தது. ஆனால் உள்ளே இருந்த ஆத்திரத்தில் அவள் உதடு துடித்தது.

"பாட்டிலுக்குப் பயந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க?"

அருளப்பன் வாயைத் திறந்தார். பழக்கதோஷம். நாக்கு நுனி வரை வந்துவிட்ட பதிலை அப்படியே விழுங்கினார்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தங்கச்சி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"சொல்லு," என்றார். "நான் குறுக்க பேசலை."

தெரசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு காலால் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க," என்றாள். "நேரமாகும்."